‘கருணை கூர்ந்து’ என்பதை அடித்துவிட்டு மனு எழுதச் சொல்லுங்கள்

வட மாவட்டம் ஒன்றிலிருந்து எழுதியிருக்கிறார் ஒரு வாசகி. அரசு உதவிபெறும் கலை அறிவியல் கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் உதவிப் பேராசிரியர். நிர்வாகச் சம்பளம், ஒவ்வொரு ஜூனிலும் புதுப்பிக்கப்படும் வேலை. அவர் வகுப்பில் சேர்ந்த 58 பேரில் மூன்று பேர் பொங்கலுக்குள் நின்றுவிட்டார்கள். அதில் ஒரு பெண் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். உதவித்தொகை வரும்வரை கட்டணத்தைக் கையிலிருந்து கட்டச் சொன்னதால் முதல் தவணையைக் கட்டினார், இரண்டாவதைக் கட்ட முடியவில்லை. இப்போது ஷூ கம்பெனிக்குப் போகிறார். டி.சி.யும் ப்ளஸ் டூ மதிப்பெண் சான்றிதழும் கல்லூரியில் இருக்கின்றன. பாக்கியைக் கட்டினால்தான் தருவார்களாம்.

“மேடம், நாம ஏதாவது செய்யணும்” என்று இருபது மாணவர்கள் இவரிடம் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுக்க நினைக்கிறார். வழக்கறிஞரை அழைத்து எல்லா அரசாணைகளையும் சொல்லிக்கொடுப்பது, பாதிக்கப்பட்டவர்களின் கதைகளை வீடியோ எடுத்துப் போடுவது, அதற்கும் அசையாவிட்டால் கல்லூரி முதல்வர் அறை முன்பு உட்காருவது என்பது திட்டம். முதல்வரோ “அரசியலெல்லாம் கேம்பஸுக்கு வெளியே” என்று சொல்லிவிட்டார். அமைப்பாகப் பதிவு செய்ய வேண்டுமா, மாணவர்கள் ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்ட மனு) போடலாமா, கேஸ் வந்தால் பிள்ளைகளின் அரசு வேலை போய்விடுமா, தன் வேலை என்னாகும் என்று கேட்கிறார். “குரலற்ற பிள்ளைகளுக்குக் குரலாக இருக்க என் மாணவர்களைத் தயார்ப்படுத்த வேண்டும்” என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நின்றுபோன மூன்று பேரின் பதிவெண்களையும் மனப்பாடமாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஓர் ஆசிரியர் இருக்கும் கல்லூரியில் இந்த வேலை நிச்சயம் நடக்கும். ஆனால் உங்கள் திட்டத்தில் சிலவற்றை மாற்றச் சொல்லப் போகிறேன்.

முதலில் அந்தக் கடைசி வரி. அந்தப் பெண் குரலற்றவர் இல்லை. கட்டணம் கட்ட முடியாது என்று அலுவலகத்தில் போய்ச் சொல்லியிருக்கிறார், தவணை கேட்டிருக்கிறார், அப்பாவை அழைத்து வந்திருக்கிறார். எல்லாம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அவர் பேசியதெல்லாம் வாய்ப்பேச்சாகவே போய்விட்டது. தாளில் ஏறவில்லை, தேதி விழவில்லை, யாரும் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் வரவில்லை. உங்கள் இருபது பேரும் அவருக்குப் பதிலாகப் பேச வேண்டாம். அவர் பேச்சைத் தாளில் ஏற்றக் கற்றுக்கொண்டால் போதும். பயிற்சி என்று நான் நினைப்பது இதைத்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவன் தன் அப்பாவுடன் என் அலுவலகத்துக்கு வந்தான். இதே போன்ற பிரச்சினை, வேறொரு கல்லூரி. கையில் ஒன்றரைப் பக்க மனு. “தாங்கள் கருணை கூர்ந்து எங்கள் குடும்ப வறுமையைக் கருத்தில் கொண்டு” என்று தொடங்கி, அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவு, அக்காவின் கல்யாணக் கடன் என்று போனது. உதவித்தொகை விண்ணப்ப எண் இல்லை. எவ்வளவு கட்டினான், எந்தத் தேதியில் என்பது இல்லை. என்ன வேண்டும் என்பதே இல்லை. அவனையே உட்காரவைத்து மறுபடி எழுதவைத்தேன். எட்டு வரிதான் வந்தது. இன்ன படிப்பு, இன்ன விண்ணப்ப எண், இன்ன தேதியில் இவ்வளவு கட்டினேன், இன்ன அரசாணைப்படி இதை என்னிடம் வசூலித்திருக்கக் கூடாது, அசல் சான்றிதழ்களை ஏழு நாளுக்குள் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். ‘கருணை கூர்ந்து’ என்பதை அவனே அடித்தான். அடித்துவிட்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தான், மரியாதை குறைந்துவிட்டதோ என்று. குறையவில்லை. “மதிப்பிற்குரிய ஐயா” என்பது அப்படியே இருந்தது. மூன்றாவது வாரம் சான்றிதழ்கள் வந்தன.

சான்றிதழ் அடமானப் பொருள் அல்ல

பாக்கி இருந்தால் அசலைப் பிடித்து வைக்கலாம் என்று நீங்களும் நம்புவதாகத் தெரிகிறது. “விதிப்படி சரிதான், ஆனாலும் மனசு கேட்கவில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். விதிப்படியும் அது சரியில்லை. கட்டணத்தைத் திருப்பித் தருவது பற்றியும் அசல் சான்றிதழ்களை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பற்றியும் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 அக்டோபரிலேயே அறிவிக்கை வெளியிட்டுவிட்டது. சேர்க்கையின்போது அசலைச் சரிபார்த்துவிட்டு, சான்றொப்பமிட்ட நகலை வைத்துக்கொள்ள வேண்டும். கல்லூரிக்கு உண்மையாகவே பணம் வர வேண்டியிருந்தால் அதை வசூலிக்க வேறு சட்ட வழி இருக்கிறது. நம் உயர் நீதிமன்றமும் இதைப் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது.

அந்தப் பெண்ணிடம் கட்டணம் கேட்டதே சரியா என்பது அடுத்த கேள்வி. பெற்றோர் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் உள்ள பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான) உதவித்தொகை மத்திய, மாநில அரசுகள் 60:40 என்று பங்கிட்டுத் தரும் திட்டம். தகுதியுள்ள மாணவர் முன்பணம் கட்டாமலே சேர வேண்டும் என்பதுதான் 2021இல் திருத்தப்பட்ட அதன் வழிகாட்டுதல். தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் நலத்துறையின் 2012 செப்டம்பர் 11 தேதியிட்ட 92ஆம் எண் அரசாணையும் இருக்கிறது. சுயநிதிப் படிப்புகளில் சேரும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவம் தழுவிய ஆதிதிராவிடர் மாணவர்களின் கட்டாயக் கட்டணங்களை அரசே ஏற்கும் ஆணை அது. மாணவர்கள் இதை ‘92’ என்றே சொல்கிறார்கள். ஆனால் கவனம்: நிர்வாக ஒதுக்கீட்டு இடங்கள் தொடர்பாகப் பின்னாளில் இதில் மாற்றங்கள் வந்திருக்கின்றன. வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய நகலைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் மாணவர் முதல்வரிடம் பேசினால், அலுவலகக் கண்காணிப்பாளர் ஒரே வரியில் உட்காரவைத்துவிடுவார். அரசாணையைக் காட்டும் முன்பு அதன் திருத்தத்தைத் தேடு என்பது பயிற்சியின் முதல் பாடமாக இருக்கட்டும்.

எல்லா அரசாணைகளும் வேண்டாம், ஒரு கோப்பு போதும்

என்னைப் போன்ற ஒருவர் வந்து இரண்டு நாள் சட்டம் பேசினால் பிள்ளைகள் நோட்டு நிறைய எழுதிக்கொள்வார்கள். மூன்றாம் நாள் ஜூனியர் ஒருவர் வந்து “அண்ணா, ஸ்காலர்ஷிப் வரல” என்றால் எங்கே தொடங்குவது என்று தெரியாது. எனவே நான்கு பேர் கொண்ட குழுக்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவும் உண்மையான ஒரு மாணவரின் பிரச்சினையை எடுத்து, அது முடியும்வரை பின்தொடரட்டும். இரண்டு நாளில் முடியாது. ஒரு செமஸ்டர் ஆகும். ஆகட்டும்.

என் அனுபவத்தில், உதவித்தொகை வராத பல பேருக்குக் காரணம் பெரிய சதி எதுவும் இல்லை. எட்டாம் வகுப்பில் பள்ளியில் தொடங்கிக் கொடுத்த ஜீரோ பேலன்ஸ் கணக்கில் ஆதார் இணைந்திருக்கும். கல்லூரிக்கு வந்ததும் வேறு வங்கியில் புதுக் கணக்கு தொடங்கி அதன் எண்ணைக் கொடுத்திருப்பார். பணமோ ஆதார் எந்தக் கணக்கில் இணைந்திருக்கிறதோ அங்கேதான் போகும். அது செயலற்றுப்போன கணக்கு என்றால் திரும்பிவிடும். வீட்டுத் தகரப் பெட்டியிலிருந்து அந்தப் பழைய பாஸ் புத்தகத்தைத் தேடி எடுக்கவைப்பதும், வங்கிக்குக் கூடவே போய் இணைப்பை மாற்றித் தருவதும் வாதாடும் வேலையில் சேர்த்திதான். உங்கள் கல்லூரியில் உதவித்தொகைப் பிரிவில் ஒரே எழுத்தர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரை எதிரியாக்கிக்கொள்ளாதீர்கள். ஒரு மாலை அவர் பக்கத்தில் உட்கார்ந்து, விண்ணப்பம் எங்கே எங்கே நிற்கும், யார் கையெழுத்துக்குக் காத்திருக்கும் என்று கேட்டு உங்கள் மாணவர்கள் படம் வரையட்டும். என் விரிவுரையைவிட அந்தப் படம் அதிகம் உதவும்.

மனு கொடுத்தால் நகலில் தேதியோடு முத்திரை வாங்க வேண்டும். முத்திரை போட மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வைக்க வேண்டும். பதில் வராவிட்டால் அடுத்து யாரிடம் போவது? யு.ஜி.சி.யின் 2023ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும். புகார் வந்த 15 வேலை நாளுக்குள் அந்தக் குழு அறிக்கை தர வேண்டும். முடிவு ஏற்கும்படி இல்லாவிட்டால் பல்கலைக்கழக அளவில் நியமிக்கப்பட்டுள்ள குறைதீர்ப்பாளரிடம் 15 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். உங்கள் கல்லூரியில் அந்தக் குழு இருக்கிறதா? இல்லாவிட்டால் அதை அமைக்கக் கேட்பதே உங்கள் மாணவர்களின் முதல் மனுவாக இருக்கலாம். அதை அரசியல் என்று முதல்வர் சொல்லவும் முடியாது.

பதிவு, ஆர்.டி.ஐ.

ஐந்து மாணவர்கள் சேர்ந்து மனு கொடுக்க எந்தப் பதிவும் வேண்டாம். என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) அலகின் கீழ் ஒரு குழுவாகச் செயல்பட்டால் இன்னும் எளிது. பணம் வசூலித்து, வங்கிக் கணக்கு வைத்து நடத்தப் போகிறீர்கள் என்றால்தான் சங்கப் பதிவுச் சட்டத்தைப் பார்க்க வேண்டிவரும். வசூல் வேண்டாம் என்பது என் உறுதியான ஆலோசனை. கட்டணம் கட்ட முடியாத பிள்ளைக்கு உண்டியல் குலுக்கத் தொடங்கினால், கல்லூரி கேட்கக் கூடாத பணத்தை நீங்களே திரட்டிக் கொடுத்ததாகிவிடும்.

ஆர்.டி.ஐ. தாராளமாகப் போடலாம். குடிமக்கள் எல்லோருக்கும் உள்ள உரிமை அது. காரணம் சொல்லத் தேவையில்லை. பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கல்லூரிக்கு மட்டும் அனுப்பாதீர்கள். சுயநிதிப் பிரிவு இந்தச் சட்டத்துக்குள் வராது என்று வாதிட்டு இழுத்தடிக்கலாம். மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகம், மண்டலக் கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகம் ஆகியவற்றிலும் கேளுங்கள். பெயர்ப் பட்டியல் கேட்க வேண்டாம். எத்தனை விண்ணப்பம் வந்தது, எந்தத் தேதியில் மேலே அனுப்பப்பட்டது, எத்தனை நிலுவை, எவ்வளவு தொகை எந்தத் தேதியில் விடுவிக்கப்பட்டது என்று எண்ணும் தேதியும் மட்டும் கேளுங்கள்.

வீடியோ, உள்ளிருப்பு, எஃப்.ஐ.ஆர்.

உங்கள் திட்டத்தில் எனக்கு மிகவும் பயம் தருவது வீடியோதான். ஒரு பெண்ணின் பெயர், சாதி, வீட்டு வறுமை மூன்றும் ஒரே நிமிடத்தில் ஊர் முழுக்கப் போய்விடும். அவள் பிறகு அதே பஸ்ஸில் வர வேண்டும், அதே வகுப்பில் உட்கார வேண்டும். அவள் சரி என்று சொன்னாலும், உங்கள் முகத்துக்காகச் சொல்லியிருக்கலாம். எழுத்தரையோ பேராசிரியரையோ பெயர் சொல்லிக் குற்றம்சாட்டினால் அவதூறு வழக்குக்கும் இடம் உண்டு. பெயரில்லாமல், எண்ணிக்கையாக, ஆவணத்தோடு பேசுங்கள்.

முதல்வர் அறை முன்பு உட்காருவது பற்றி நேராகவே சொல்கிறேன். அமைதியாகக் கூடவும் பேசவும் அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு உரிமை தருகிறது. கல்லூரி வாசலில் அந்த உரிமை நின்றுவிடுவதில்லை. நோட்டீஸ் கொடுக்காமல், விளக்கம் கேட்காமல் ஒரு மாணவரை நீக்கினால் அது நீதிமன்றத்தில் நிற்காது. ஆனால் யாரையும் வெளியே போகவிடாமல் மறித்தால் அது குற்றம். ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்திருந்தால் சட்டவிரோதக் கூட்டம் என்ற பிரிவையும் போலீஸ் சேர்த்துவிடும்.

எஃப்.ஐ.ஆர். வந்ததுமே எல்லா அரசு வேலையும் போய்விடும் என்பது சரியில்லை. பெரும்பாலான பணிகளில் வழக்கை மறைப்பதுதான் பெரிய ஆபத்து. ஆனால் காவலர் பணி அப்படியல்ல. அதன் விதிகள் குற்ற வழக்கில் சம்பந்தப்படாதிருக்க வேண்டும் என்கின்றன. விடுதலையானவர்கள்கூட நீதிமன்றம் ஏறி இறங்கியதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் இருபது பேரில் எத்தனை பேர் காலையில் மைதானத்தில் ஓடிப் பயிற்சி எடுக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். போராட்டம் தேவைப்படும் நாள் வரலாம். அன்று யார் உட்காருவது என்பதைத் தெரிந்து, யோசித்து அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்கள் உற்சாகப்படுத்தி உட்காரவைக்கக் கூடாது.

உங்கள் வேலை பற்றி: தனியார் கல்லூரி ஆசிரியர்களுக்கு 1976ஆம் ஆண்டுச் சட்டம் சில பாதுகாப்புகளைத் தருகிறது. ஆனால் ஜூனில் சத்தமில்லாமல் புதுப்பிக்காமல் விட்டால், நீங்கள் வழக்கை ஜெயிப்பதற்குள் வருடங்கள் ஓடிவிடும். எனவே தனியாக நிற்காதீர்கள். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு, என்.எஸ்.எஸ். திட்ட அலுவலர் வழியாக ஒரு கடிதம் போடச் சொல்லுங்கள், சட்ட விழிப்புணர்வு முகாம் வேண்டும் என்று. அதன் செயலாளர் ஒரு நீதிபதி. அவர் வந்து உட்காரும் கூட்டத்துக்கு எந்த முதல்வரும் பூட்டுப் போடமாட்டார். ஆர்வமுள்ள மாணவர்கள் அங்கேயே சட்டத் தன்னார்வலராகவும் விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. உங்கள் மாணவிகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கல்லூரிக்கு வராதவர்கள்

நீங்கள் எழுதாத ஒன்றையும் சொல்ல வேண்டும். 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம், அதாவது 18 முதல் 23 வயதுவரையுள்ளோர் எண்ணிக்கையில் நூற்றுக்கு எத்தனை பேர் உயர்கல்வியில் சேர்ந்திருக்கிறார்கள் என்ற கணக்கு, 47. நாட்டின் சராசரி 28.4. பெருமைதான். ஆனாலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் வெளியேதான் இருக்கிறார்கள். அவர்கள் உங்கள் வகுப்புக்கே வரவில்லை என்பதால் நின்றவர் கணக்கிலும் இல்லை.

அந்த இழப்பு நடப்பது ஏப்ரல், மே மாதங்களில். “கவுன்சலிங் எதுக்குங்க, அதே ஃபீஸ்தான்” என்று தரகர் ஒருவர் வீட்டுக்கே வந்து பொறியியல் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிடுகிறார். முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாக வந்தவருக்குத்தான் என்பது அந்தக் குடும்பத்துக்கு ஆகஸ்டில்தான் தெரிகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவருக்கான 7.5 சதவீத இடமும் அப்படியே கைநழுவுகிறது. 2021 முதல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அது உண்டு. அதில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. உங்கள் மாணவர்கள் தாங்கள் படித்த பள்ளிக்கே மார்ச்சில் போய், வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, வங்கிக் கணக்கு மூன்றையும் சரிபார்த்துக் கொடுத்தால், நான் நீதிமன்றத்தில் ஒரு வருடம் வாதாடி வாங்குவதைவிட அதிகம் வாங்கிக் கொடுத்துவிடுவார்கள்.

கடைசித் தேதி என்பது ஏழைக்கு எவ்வளவு கொடூரமானது என்பதற்கு 2024இல் நடந்த ஒன்று. உத்தரப் பிரதேசத்து தினக்கூலித் தொழிலாளி ஒருவரின் மகன், தலித் மாணவன், தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் பெற்றான். 17,500 ரூபாயைத் திரட்டிக் கட்டுவதற்குள் நேரம் முடிந்து இணையதளம் மூடிக்கொண்டது. அந்த ஆண்டுத் தேர்வை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. என்பதால் நம் சென்னை உயர் நீதிமன்றம்வரை வந்தான். கடைசியில் உச்ச நீதிமன்றம், முழு நீதி கிடைக்கத் தேவையான உத்தரவிட அதற்கு அதிகாரம் தரும் அரசியலமைப்பின் 142ஆம் பிரிவைப் பயன்படுத்தி, செப்டம்பர் 30 அன்று அவனைச் சேர்க்க உத்தரவிட்டது. செய்தியைப் படித்து நானும் கண் கலங்கினேன். ஆனால் அதே நாளில் அதே காரணத்தால் இடத்தை இழந்து, டெல்லிவரை போக முடியாதவர்களை யார் எண்ணினார்கள்?

எண்ணினால் மாறும் என்பதற்கு நம்மிடம் சாட்சி இருக்கிறது. அரசுப் பள்ளியிலிருந்து எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் போனவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கியது எண்களாக வெளியே தெரிந்தது. நீதிபதி கலையரசன் குழு ஆராய்ந்தது. அவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் ஒதுக்கும் சட்டம் 2020இல் வந்தது. அந்த ஆண்டே 300க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எம்.பி.பி.எஸ். சேர்ந்தார்கள். உங்கள் குழுக்கள் ஐந்து கோப்பைப் பின்தொடரும்போது, ஐந்தும் ஒரே மேசையில் நிற்பது தெரியவரும். பொதுக் கோரிக்கை அங்கிருந்து பிறக்கட்டும்: தகுதியுள்ள யாரிடமும் முன்பணம் கேட்கக் கூடாது என்று எங்கள் கல்லூரி சேர்க்கை அறிவிப்பிலேயே அச்சிட வேண்டும், என்று. எழுதிக் கேட்கக்கூடிய, செய்தார்களா இல்லையா என்று பார்க்கக்கூடிய கோரிக்கை.

பயிற்சிக்கு முன்பே இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். ஷூ கம்பெனிக்குப் போகும் அந்தப் பெண்ணை ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். மாணவிகள் இருவரை மட்டும் அழைத்துச் செல்லுங்கள். திரும்பிப் படிக்க விருப்பமா என்று கேளுங்கள், வற்புறுத்த வேண்டாம். விருப்பம் இருந்தால், இடையில் நின்றவர் மறுபடி சேர முதல்வர் வழியாகப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. விருப்பம் இல்லாவிட்டாலும் அவருடைய சான்றிதழ்கள் அவர் கைக்கு வர வேண்டும். முதல் தவணை கட்டிய ரசீது இருக்கிறதா என்று பார்த்து, படம் எடுத்துக்கொள்ளுங்கள். மனுவை அவரே எழுதட்டும். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் வழக்கறிஞர்